ஊர்க் காவலைத் தொடங்கவும் கலைக்கவும்: ஃபுளோரிடாவின் ஹாம்ப்டனும் வால்டோவும்

ஃபுளோரிடாவின் வடபகுதியில் யுஎஸ் 301 நெடுஞ்சாலை லாட்டி, ஸ்டார்க், ஹாம்ப்டன், வால்டோ என்று சிற்றூர்களைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்குகிறது. ரேடார் வைத்து வண்டிகளை மடக்கிப் பணம் பார்க்கும் ஊர்கள் என்று இந்தத் தடத்துக்கு நெடுங்காலமாகக் கெட்ட பெயர். வாகன ஓட்டிகள் சங்கமான டிரிப்பிள் ஏ, லாட்டிக்கும் வால்டோவுக்கும் முன்னால் பெரிய பலகையே வைத்து ஓட்டுநர்களை எச்சரித்தது. 2014-இல் சில மாத இடைவெளியில் ஹாம்ப்டனிலும் வால்டோவிலும் காவல் துறை இல்லாமல் போயிற்று. ஹாம்ப்டனில் மாநிலச் சட்டமன்றம் கொடுத்த நெருக்கடி. வால்டோவில் கவுன்சிலே கையைத் தூக்கி வாக்களித்துக் கலைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சட்டத்தில் ஓட்டை எங்கே இருந்தது என்று புரியும்.

காவல் துறை முழுக்க மாநில அரசின் கையில் இருக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. அமெரிக்காவில் ஒரு பேரூராட்சி அளவுகூட இல்லாத ஊர் தனக்கென்று காவல் துறை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல், மாவட்டம் முழுவதற்கும் ஷெரிஃப் உண்டு. ஃபுளோரிடாவில் அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. மாநில அரசமைப்பின் 8-ஆம் பிரிவே அவர் பதவியை நிறுவுகிறது. ஊருக்குச் சொந்தக் காவலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய அதிகாரம் ஊர் எல்லைக்குள்ளும் செல்லும். எனவே ஊர்க் காவல் துறை மூடப்படும் நாளில் சட்டப்படி காவல் இல்லாத இடம் என்று ஒன்று உருவாவதில்லை. வருகிற வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்பதுதான் மாறுகிறது.

துறைக்கு உரிமம் கிடையாது

ஃபுளோரிடாவில் ஊர்க் காவலைத் தொடங்குவது எளிது. அரசமைப்பின் 8-ஆம் பிரிவும் 1973-இல் வந்த நகராட்சித் தன்னாட்சிச் சட்டமும், மாநிலச் சட்டம் தடுக்காத எதையும் ஊராட்சி நோக்கத்துக்காகச் செய்யலாம் என்று ஊர்களுக்கு அதிகாரம் தருகின்றன. கவுன்சில் ஓர் உள்ளூர்ச் சட்டம் கொண்டுவர வேண்டும். அதன் தலைப்பை இரண்டு வெவ்வேறு நாள்களில் வாசிக்க வேண்டும், நிறைவேற்றுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக அறிவிப்பு வெளியிட வேண்டும், பெரும்பான்மை வேண்டும். அவ்வளவுதான். குறைந்தபட்ச மக்கள்தொகை என்று ஒன்று இல்லை. சொந்த வரி வருவாயில் இத்தனை பங்கு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

மாநிலம் கண்டிப்பாகப் பார்ப்பது தனி ஆளைத்தான். சட்டத்தின் 943-ஆம் அத்தியாயப்படி காவலருக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், உயர்நிலைப் பள்ளிப் படிப்பு வேண்டும், கைரேகை எடுத்துப் பின்புலம் சரிபார்க்க வேண்டும், மருத்துவச் சோதனை, அடிப்படைப் பயிற்சி, மாநிலத் தேர்வு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவு சல்லடை போட்ட சட்டம், அந்த ஆளை வேலைக்கு வைக்கும் துறையைச் சலிக்கவில்லை. வழக்குச் சொத்து, அதாவது வழக்குகளுக்காகக் கைப்பற்றிய பொருள்கள், வைக்கப் பூட்டுள்ள அறை இருக்கிறதா, கட்டுப்பாட்டு அறைக்கு யார் பணம் கட்டுகிறார்கள், நள்ளிரவில் மேற்பார்வைக்கு ஒருவராவது இருக்கிறாரா என்றெல்லாம் தொடங்கும்போது யாரும் கேட்பதில்லை. எங்கள் பார்வையில் அடிப்படைக் கோளாறே இங்குதான். பின்னால் நடந்தவை எல்லாம் இதன் விளைவு.

ஹாம்ப்டன்: 384 மீட்டர் சாலை

பிராட்ஃபோர்ட் மாவட்டத்தில் உள்ள ஹாம்ப்டனில் 2010 கணக்கெடுப்பில் 500 பேர்தான். ஊர் 301-இலிருந்து மேற்கே ஒதுங்கி இருக்கிறது. 1990-களில் நெடுஞ்சாலையின் 1,260 அடி நீளத்தை, அதாவது 384 மீட்டரை, ஊர் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். வரைபடத்தில் பார்த்தால், ஊரிலிருந்து சாலையோரமாக ஒல்லியாக ஒரு கை நீண்டு நெடுஞ்சாலையைப் பிடித்திருப்பது தெரியும்.

அந்த 384 மீட்டர் எதற்கு என்பதற்கு விடை, அபராதப் பணத்தைப் பங்கிடும் 318.21-ஆம் சட்டப்பிரிவில் இருக்கிறது. சில சிறு பிடித்தங்கள் போக, விதிமீறல் ஊர் எல்லைக்குள் நடந்திருந்தால் அபராதத்தில் 50.8 விழுக்காடு அந்த ஊருக்குப் போகும். எல்லைக்கு வெளியே நடந்திருந்தால் ஊருக்கு ஒன்றுமில்லை. சீட்டு எழுதியவர் யார் என்பதைவிட வண்டி எந்த மண்ணில் ஓடியது என்பதே பங்கைத் தீர்மானிக்கிறது. எல்லையை நகர்த்தினால் வருமானமும் நகரும்.

2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஹாம்ப்டன் காவலர்கள் 12,698 வேக அபராதச் சீட்டுகள் எழுதினார்கள். நாளொன்றுக்குச் சராசரி 17. ஊரில் நிரந்தரக் காவலர்கள் சிலர்தான். மற்றவர்கள் துணைக் காவலர்களும் தன்னார்வலர்களும்.

சட்டமன்றத்தின் கூட்டுத் தணிக்கைக் குழு உத்தரவின்படி மாநிலத் தணிக்கையாளர் ஊரின் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். 2014 தொடக்கத்தில் வெளிவந்த அறிக்கை 31 குறைகளைப் பட்டியலிட்டது. ஊர் இறைத்த தண்ணீரில் 46 விழுக்காட்டுக்குக் கணக்கே இல்லை. கடன் அட்டைச் செலவுக்கு ரசீது இல்லை. உறவினர்களுக்கு வேலை. வண்டிகளுக்குக் காப்பீட்டுக் குளறுபடி. அபராதப் பணம் வெளியூர்க்காரர்களிடமிருந்து வந்துகொண்டே இருந்ததால், உள்ளூர் வரி கட்டுபவர் யாரும் கணக்குக் கேட்கவில்லை. காவல் துறை ஊழலை உண்டாக்கியது என்று சொல்வதைவிட, கேள்வி கேட்கப்படாத பணத்தை அது கொண்டுவந்து கொட்டியது என்று சொல்வதே சரி.

அந்த எல்லைச் சேர்ப்பை அப்போதே ஏன் யாரும் தடுக்கவில்லை? மாநிலத்தின் எல்லைச் சட்டம், அதாவது 171-ஆம் அத்தியாயம், விரல்போல் நீளும் பகுதிகளை உருவாக்கும் சேர்ப்புகளை ஏற்பதில்லை. ஆனால் உள்ளூர்ச் சட்டம் நிறைவேறிய 30 நாளுக்குள், பாதிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றம் போக வேண்டும். நெடுஞ்சாலைத் துண்டில் குடியிருப்பவர் யார் இருக்கிறார்கள்? பாதிக்கப்படப்போகும் ஓட்டுநரோ ஐந்தாறு ஆண்டு கழித்துப் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவிலிருந்து வரப்போகிறவர். கெடு ஓசையில்லாமல் முடிந்துவிடும்.

ஹாம்ப்டனையே ஊராக இல்லாமல் கலைத்துவிடலாம் என்று செனட்டர் ராப் பிராட்லியும் பிரதிநிதி சார்ல்ஸ் வான் ஸான்டும் 2014-இல் முன்வந்தார்கள். நகராட்சிகளைச் சட்டத்தின் மூலம் நிறுவவும் ஒழிக்கவும் ஃபுளோரிடா சட்டமன்றத்துக்கு அரசமைப்பு அதிகாரம் தருகிறது. ஊருக்குக் கொடுத்த அவகாசம் வாரக்கணக்கில்தான். அதற்குள் பழைய நிர்வாகிகள் விலகினார்கள், காவல் துறை போயிற்று, 301-இன் துண்டை எல்லையிலிருந்து விடுவிக்கக் கவுன்சில் முன்வந்தது. மார்ச் இறுதியில் ஊர் தப்பியது. இந்த மூன்றில் எது மருந்து என்றால், சாலையை விட்டதுதான். காவல் துறையை மட்டும் மூடிவிட்டுச் சாலையை வைத்திருந்தால், அடுத்த கவுன்சில் ஒரே ஒரு உள்ளூர்ச் சட்டத்தால் அதைத் திரும்பத் தொடங்கியிருக்க முடியும்.

வால்டோ: ஒரு ஷிப்டுக்கு 12

அலச்சுவா மாவட்டத்தில் உள்ள வால்டோவுக்கு 2010 கணக்கெடுப்பில் 1,015 பேர். இங்கே நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே ஓடுகிறது. மணிக்கு 65 மைலில் வரும் வண்டி, குறுகிய தூரத்துக்குள் 55, 45, 35 என்று படிப்படியாக இறங்க வேண்டும். வேக வரம்பு மாறும் பலகைக்கு அடுத்து ரேடார் வண்டி நின்றால், ஒழுங்காக ஓட்டுபவர்கூட மாட்டிக்கொள்வார்.

2013-இல் வால்டோவின் ஏழு காவலர்கள் 11,603 சீட்டு எழுதினார்கள். அதே ஆண்டில் பக்கத்து நகரமான கெயின்ஸ்வில்லில் சுமார் 300 காவலர்கள் எழுதியது 25,461. ஆளுக்கு என்று வகுத்தால் வால்டோவில் 1,650-க்கும் மேல், கெயின்ஸ்வில்லில் 85. அந்தச் சீட்டுகள் ஊருக்குக் கொண்டுவந்த தொகை 4 லட்சம் டாலருக்கு மேல். ஊரின் மொத்த வரவுசெலவு 10 லட்சம் டாலர் அளவுதான்.

2014 ஆகஸ்டில் காவல் தலைவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பதில் பொறுப்பேற்றவரும் சில நாளில் அதே வழியில் போனார். அந்த மாத இறுதிக் கவுன்சில் கூட்டத்தில் காவலர்களே முன்வந்து, 12 மணி நேர ஷிப்டுக்கு ஆளுக்கு 12 வேகச் சீட்டு எழுத வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு இருந்ததாகச் சொன்னார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 11,603-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 32. நாளுக்கு இரண்டு மூன்று பேர் ஷிப்டு பார்த்தால் 24-க்கும் 36-க்கும் நடுவே. எழுத்தில் இல்லாத உத்தரவுக்கு ஆண்டுக் கணக்கு ஒத்துப்போகிறது. எந்த ஊரிலும் தணிக்கையாளர் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: ஆள் வாரியாக, ஷிப்டு வாரியாகச் சீட்டு எண்ணிக்கையை அடுக்க வேண்டும். இயல்பான பணியில் எண்கள் சிதறிக் கிடக்கும். இலக்கு வைத்த பணியில் ஒரே எண்ணைச் சுற்றி மொய்க்கும்.

ஷிப்டுக்கு இத்தனை சீட்டு என்ற இந்த ஒதுக்கீடு வெளியே வந்தபின் வருமானம் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த வருமானம் இல்லாமல் கட்டடம், கணினி, வழக்குச் சொத்து அறை எதையும் சரிசெய்யப் பணமில்லை. செப்டம்பர் 30 அன்று கவுன்சில் 4-க்கு 1 என்று வாக்களித்துத் துறையைக் கலைத்தது. ஷெரிஃப் அலுவலகம் பொறுப்பேற்றது. ஃபுளோரிடா ஊர்களின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குவதால், அந்த நாளைத் தாண்டினால் இல்லாத வருமானத்தை வைத்துப் புது ஆண்டு வரவுசெலவைப் போட வேண்டியிருந்திருக்கும்.

மூடும்போது எங்கே சறுக்குகிறது

முதலில் ஊரின் சாசனத்தை, அதாவது ஊர் நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டத்தை, படிக்க வேண்டும். காவல் துறை சாதாரண உள்ளூர்ச் சட்டத்தால் பிறந்திருந்தால் இன்னொரு உள்ளூர்ச் சட்டம் அதை முடித்துவிடும். சாசனத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. 166.031-ஆம் பிரிவுப்படி, சாசனத்தில் உள்ள துறையைக் கவுன்சில் ஒருமனதாக வாக்களித்தால் மட்டும் நேரடியாக ஒழிக்கலாம். இல்லையென்றால் பொது வாக்கெடுப்பு. 4-க்கு 1 என்ற வாக்கு முதல் வகைத் துறைக்குப் போதும், இரண்டாம் வகைக்குப் போதாது.

அடுத்த சறுக்கல், ஷெரிஃபிடம் பணியை ஒப்படைக்கும் ஆவணத்தின் சொற்களில் வருகிறது. அரசமைப்பின் 8-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவு, ஒரு அதிகாரத்தையே இன்னொரு அரசுக்கு மாற்றுவதற்கு இரு தரப்பு வாக்காளர்களின் ஒப்புதலைக் கேட்கிறது, சட்டம் வேறு வழி சொல்லாத வரை. சரசோட்டா மாவட்டத்துக்கும் லாங்போட் கீ ஊருக்கும் நடந்த வழக்கில் 1978-இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த இரட்டை ஒப்புதலை வலியுறுத்தியது. ஆனால் 1969-இன் உள்ளாட்சி ஒத்துழைப்புச் சட்டத்தின் கீழ் சேவை ஒப்பந்தம் போட்டால் வாக்கெடுப்பு தேவையில்லை. ஆகவே ஒப்பந்தத்தில், ஊர் தன் அதிகாரத்தை வைத்துக்கொண்டு சேவையை மட்டும் விலைக்கு வாங்குகிறது என்று தெளிவாக இருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து ஊர் வெளியேறும் வழியும் வேண்டும். 'நிரந்தரமாக ஒப்படைக்கிறது' என்று ஒரு வரி நுழைந்தால் வழக்குக்கு வாசல் திறந்துவிடும்.

ஒப்பந்தத்தில் அடிக்கடி விடுபடுவது உள்ளூர்ச் சட்ட அமலாக்கம். நாய், குப்பை, இரவுச் சத்தம், கைவிடப்பட்ட வண்டி இவற்றுக்கு ஷெரிஃபின் ஆள்கள் வருவார்களா என்று எழுதவில்லையென்றால் வரமாட்டார்கள். 'போதுமான ரோந்து' என்ற சொல்லுக்கும் மதிப்பில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரங்களில், அந்த ஆள் பக்கத்து ஊர் அழைப்புக்குப் போனால் அந்த நேரம் கழிக்கப்படுமா என்று எண்ணில் இருக்க வேண்டும். ஷெரிஃப் கவுன்சிலுக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். ஒப்பந்தத்தில் இல்லாததை அவரிடம் கட்டளையாகக் கேட்க முடியாது.

உண்மையான சிக்கல் வழக்குச் சொத்து அறையில் காத்திருக்கிறது. துப்பாக்கி, போதைப்பொருள், பணம், பாலியல் வன்முறை வழக்கின் மருத்துவ மாதிரிகள் எல்லாம் அங்கே. ஒவ்வொன்றையும் கைமாற்றுப் பதிவோடு ஒப்படைக்க வேண்டும். செய்ய வேண்டிய முறை: கலைக்கும் நாளுக்குச் சில வாரம் முன்பே அறையைப் பூட்டிப் புதுப் பொருள் வரவை நிறுத்த வேண்டும். ஊரின் ஆள் ஒருவரும் ஷெரிஃபின் ஆள் ஒருவரும் சேர்ந்து ஒவ்வொரு உறையையும் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பணத்தை இருவர் முன்னிலையில் எண்ண வேண்டும், போதைப்பொருளை எடை போட வேண்டும், முத்திரை உடைந்திருந்தால் உடைந்திருக்கிறது என்று எழுதி அப்படியே புது உறையில் வைக்க வேண்டும். பழைய உறையைத் தூக்கி எறியக்கூடாது. பதிவேட்டில் இருந்து அறையில் இல்லாத பொருளுக்கு அன்றே தனி அறிக்கை. இதைச் செய்யாமல் பெட்டியோடு வண்டியில் ஏற்றினால், ஓராண்டு கழித்து விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. சிற்றூர்த் துறைகளில் இந்த அறைக்குப் பொறுப்பானவரே ரோந்தும் பார்த்திருப்பார், அவரே முதலில் வேறு வேலை தேடிப் போயிருப்பார்.

சாட்சிகளும் அதே மாதிரிதான். எழுதிய சீட்டுகளில் பல இன்னும் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும். காவலர் விசாரணைக்கு வரவில்லையென்றால் சீட்டு தள்ளுபடி ஆகும். முன்னாள் காவலர்களின் முகவரிப் பட்டியலையும் விசாரணை நாள்களையும் நீதிமன்ற எழுத்தரிடம் கொடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும்.

பறிமுதல் நிதியைப் பொது நிதியில் கலக்க முடியாது. 932-ஆம் அத்தியாயப்படி அது தனிக் கணக்கில், காவல் பணிகளுக்கு மட்டும். கூட்டாட்சி அரசின் உபரி ராணுவப் பொருள் திட்டத்தில் வந்த துப்பாக்கிகளும் வண்டிகளும் ஊருக்குச் சொந்தமில்லை. மாநில ஒருங்கிணைப்பாளர் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். துறை மூடிய பின்னும் பழைய கைதுகளுக்காக ஊர்மீது உரிமை மீறல் வழக்குகள் வரும். காப்பீட்டு ஒப்பந்தம் வழக்கு தொடுக்கப்பட்ட ஆண்டைப் பார்க்கும் வகையாக இருந்தால், பிற்கால வழக்குகளுக்கான நீட்டிப்பைத் தனியாக வாங்கியாக வேண்டும். பணம் மிச்சம் என்று அதை விட்டுவிடும் ஊர், ஒரே வழக்கில் பல ஆண்டு மிச்சத்தை இழந்துவிடும்.

வேறு மாநிலங்கள் பிடித்த நுனிகள்

ஒஹாயோவில் நியூ ரோம் என்ற ஊரில் 2000-இல் 60 பேர். மேற்கு பிராட் தெருவில் அதே கதை. அங்கே மக்கள்தொகையையே அளவுகோலாக வைத்துச் சட்டம் வந்தது. 2004-இல் நீதிமன்ற ஆணையால் ஊரே கலைந்தது. மிசூரி பணத்தைப் பிடித்தது. மாக்ஸ் க்ரீக் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் 1995-ஆம் ஆண்டுச் சட்டம், போக்குவரத்து அபராதம் ஊர் வருவாயில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. மிசூரியின் ஃபெர்குசனில் காவலர் ஒருவர் இளைஞரைச் சுட்டுக் கொன்றதால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு 2015-இல் அதை 20 விழுக்காடாகவும், செயின்ட் லூயிஸ் மாவட்டத்துக்கு மட்டும் 12.5 ஆகவும் இறக்கினார்கள். ஒரே மாவட்டத்துக்கு மட்டும் தனி விதி என்பது செல்லாது என்று 2017-இல் மிசூரி உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. இருந்தாலும் உச்சவரம்பு என்ற வழிதான் சரியானது என்று கருதுகிறோம். மக்கள்தொகை அளவுகோல் சிறிய ஊரைத் தண்டிக்கிறது, உச்சவரம்பு தவறான பழக்கத்தைத் தண்டிக்கிறது.

2015-உம் 2021-உம்

வால்டோவுக்குப் பின் ஃபுளோரிடா 2015-இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. இப்போது 316.640-ஆம் பிரிவில், எந்தக் காவல் அமைப்பும் அபராதச் சீட்டுக்கு ஒதுக்கீடு வைக்கக்கூடாது என்று ஒரே வரி இருக்கிறது. நல்ல வரி, ஆனால் போதாது. வால்டோவின் ஒதுக்கீடு வாய்மொழியாக வந்தது. காவலர்கள் வேலையைப் பணயம் வைத்துப் பேசியதால்தான் வெளியே தெரிந்தது. எல்லைக்குள் விழுந்தால் 50.8 விழுக்காடு என்ற பங்கீட்டை இந்த வரி தொடவில்லை. ஆசையை அப்படியே விட்டுவிட்டு, அதை நிறைவேற்றும் ஒரு வழியை மட்டும் தடுத்திருக்கிறது.

2021 ஏப்ரலில் வந்த பொது ஒழுங்குச் சட்டம், பெருநகரங்களில் எழுந்த காவல் நிதிக் குறைப்புக் கோரிக்கைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிற்றூர்களையும் அது பிடிக்கிறது. 166.241-ஆம் பிரிவுப்படி, வரைவு வரவுசெலவில் ஊர்க் காவலின் செயல்பாட்டு நிதி குறைந்தால், வரைவு வெளியிட்ட 30 நாளுக்குள் மாநில வழக்கறிஞரோ, குறைப்பை எதிர்க்கும் கவுன்சில் உறுப்பினர் ஒருவரோ, ஆளுநரும் அமைச்சரவையும் அடங்கிய நிர்வாக ஆணையத்திடம் முறையிடலாம். ஆணையம் அந்த வரவுசெலவை ஏற்கலாம், திருத்தலாம், அதன் முடிவே இறுதி. துறையைக் கலைப்பது என்றால் நிதியைப் பூஜ்யமாக்குவது. வால்டோவின் 4-க்கு 1 வாக்கு இன்று நடந்திருந்தால், அந்த ஒருவர் தனியாக நின்று தலைநகர் டாலஹாசி வரை இழுத்திருக்க முடியும்.

ஆகவே இன்று துறையை மூட நினைக்கும் ஊர் செப்டம்பர் இறுதிக் கூட்டத்தை நம்பி இருக்க முடியாது. வசந்த காலத்திலேயே ஷெரிஃபிடம் விலை கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். வரைவு வரவுசெலவில் காவல் நிதி குறையும் வரிக்குப் பக்கத்திலேயே ஒப்பந்தத் தொகையையும், மணி நேரக் கணக்கையும், எதிர்பார்க்கும் வருகை நேரத்தையும் காட்ட வேண்டும். முறையீடு போனால் ஆணையத்தின் முன் வைக்கும் ஆவணம் அதுதான். முறையீட்டுக் காலம் முடியும்வரை காவலர்களுக்குப் பணிநீக்கக் கடிதம் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டு, ஆணையம் நிதியைத் திரும்ப வைக்கச் சொன்னால், பணம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்கள்.